செல்வி போட்ட கோடு

லாபிஸ் ஊர் மண்டபத்தில் இன்று நாங்கள் முதன்முறையாக நடத்திய மாணவர் ரோபோ போட்டி. தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பின்தொடர்ந்து ரோபோ ஓட வேண்டும்.

முதல் ரோபோவே டேப்பை விட்டுவிட்டு, பழைய பூப்பந்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

"அலமாக், எங்க சார் போகுது?" என்றாள் அதைச் செய்த மாணவி, அழாத குறையாக.

"உன் தப்பு இல்லம்மா. அது நாங்க போட்ட கோடு. மறைச்சிட்டு மறுபடியும் ஓட விடுறோம்" என்றேன்.

பள்ளி நாள்களில் நானும் கூடப் படித்த செல்வியும் விரலெல்லாம் கறுப்பாகப் பெயிண்ட் அடித்தது. ஆடுகளத்தின் பின்பக்கக் கோடு அவள் போட்டது. அது உள்பக்கம் கோணியிருக்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருவாள்.

நாங்கள் பிடிப்பதற்குள் ரோபோ அந்தக் கோணல் இடத்தில் பணிவாக உள்பக்கம் வளைந்து போனது.

சிங்கப்பூரில் இருக்கும் செல்வி, இதைப் படித்தால் பதில் போடு. அன்று நீ வெளியே என்று சொன்ன என் பந்து உள்ளேதான் விழுந்தது.