ஐயாவின் காலுக்கு ஒரு சப்பாத்து

என் ஐயாவுக்குச் சப்பாத்து வாங்குவதைப்போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் வேறொன்றும் இல்லை. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்த மனிதர். தோட்டத்துக்குள் செருப்போடு இறங்குவது சோற்றுக் கோப்பைக்குள் கால் வைப்பதற்குச் சமம் என்பார். செருப்பு அவருக்குக் கலியாண வீட்டுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் மட்டும்தான். நீரிழிவு வந்து பாதங்களில் உணர்வு செத்துப்போனது. ஒருநாள் கால் சின்னவிரலில் மண்வெட்டி பட்டதுகூடத் தெரியாமல் பாத்தி கட்டிக்கொண்டு நின்றவரிடம், தண்ணீர் ஏன் சிவப்பாக ஓடுகிறது என்று நான்தான் கேட்டேன். அந்தச் சின்னவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

டொக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். அம்மா முன்னமே போய்விட்டார், நான் ஒரே மகள்.

"பிள்ளை, இவர் இனி வெறுங்காலோடை ஓரடியும் வைக்கக்கூடாது. இன்னொரு புண் வந்தால் காலைக் காப்பாத்த ஏலாது. பிறகு ஆளையும் ஏலாது."

அன்றிலிருந்து ஊரில் எவருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்தேன். கால் பின்னேரத்தில் வீங்கும், ஆகவே சப்பாத்தைப் பின்னேரத்தில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் வார் ஓடும் செருப்பு ஆகாது, அது தோலைத் தின்றுவிடும். போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல் கிடக்கிறதா என்று தடவ வேண்டும். எங்கள் செம்மண் மழைக்கு அடியில் அப்பி, காலைத் தூக்கவிடாது. தென்மராட்சி மணல் உள்ளே புகுந்து அராவும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் றப்பர் கொதிக்கும். இவ்வளவும் தெரிந்து என்ன, கடையில் பொருள் இருந்தால்தானே? யுத்தத்தால் எல்லாவற்றுக்கும் தடை இருந்த காலம். பழைய லொறி ரயரை வெட்டிச் செய்த செருப்புத்தான் தாராளமாகக் கிடைத்தது. அது தேயாது, போட்டவர்தான் தேய்வார்.

கடைசியில் அச்சுவேலிச் சந்தையில், கடல்நீரேரி தாண்டி வந்த சாமான்களோடு, சாம்பல் நிறக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி அகப்பட்டது. முன்பக்கம் அகலம். குதியைப் பிடித்துக்கொள்ளும். காலை ஆடவிடாமல் கட்ட நல்ல நீளமான கயிறு. எனக்குக் கோயில் கட்டி முடித்த சந்தோசம்.

"உதென்ன, நான் பந்தடிக்கவே போறன்?" என்றார் ஐயா. ஆனாலும் போட்டார். என் வாய்க்குப் பயம்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. செல் குண்டுகள் விழும் சத்தம் ஊரை நெருங்க, எல்லோரும் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. நல்ல மழை. ஊரே ஒரே ரோட்டில் நின்றது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. எனக்கு அந்த நேரம் எதிலும் நம்பிக்கை இருக்கவில்லை, ஐயாவின் காலைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. காலுக்கு மாற்றிப் போட உலர்ந்த மேசுகளைப் பொலித்தீன் பையில் கட்டினேன். சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவினேன். கயிற்றை நானே குனிந்து கட்டிவிட்டேன். சைக்கிளில் மூட்டைகளை ஏற்றி, கரியரில் அவருக்கும் இடம் விட்டிருந்தேன்.

"நானென்ன மூட்டையே?" என்று நடக்கத் தொடங்கினார்.

சந்தியில் பிள்ளையார் கோயில். ஐயா ஓரமாக ஒதுங்கி, குனிந்து, கயிற்றை அவிழ்த்தார். அவர் கோயிலைச் செருப்போடு கடந்ததே இல்லை. கழற்றிவிட்டு நின்று கும்பிட்டுத்தான் போவார்.

"ஐயா, கழட்டாதேங்கோ. சாமி கோவிக்காது."

"சாமி கோவிக்காது பிள்ளை. ஊரை விட்டுப் போறம். போயிட்டு வாறம் எண்டு சொல்லாமல் போறதே?"

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்ற சொல்லை எங்கள் முன்னோர் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதை அன்றுதான் கண்டேன். அம்மன், வைரவர், முருகன், பிறகும் வைரவர். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, அவிழ்த்து, சேற்றில் வெறுங்காலோடு நின்று "போயிட்டு வாறம்" சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கட்டிவிட்டேன். சேறு, மழை, கல், மணல் எல்லாவற்றுக்கும் பார்த்து எடுத்த சப்பாத்து. கோயிலுக்கென்று எவன் சப்பாத்துச் செய்கிறான்? பின்னால் வந்த சனம் எங்களைத் தள்ளியது. நான் கத்தினேன். கோப்பாய்க்குக் கிட்ட வந்தபோது அவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பாலத்தடியில், இனிக் கோயில் இல்லை என்று கண்டபிறகுதான், தானாகவே போட்டுக் கட்டினார்.

அடுத்த நாள் மத்தியானம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு தென்னங்காணியில் எங்களுக்கு ஒரு கொட்டில் கிடைத்தது. சப்பாத்தைக் கழற்றி உரிக்கப் பார்த்தபோது மேசு சதையோடு ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் போத்தல் பிசுங்கான் ஒன்று, மண்ணும் இரத்தமுமாகப் புதைந்து கிடந்தது. கண்ணாடியைக் காலுக்குள் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார்.

"நோகேல்லை பிள்ளை," என்றார். என்னைத் தேற்றுகிறாராம். நோகாதது எனக்குத் தெரியாதா? அதுதானே வருத்தமே.

ஆஸ்பத்திரியில் தரையில்கூட இடமில்லை, மருந்தும் போதவில்லை. கார்த்திகையில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் புண் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஐயா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எடுத்த காலை என்ன செய்வினம்?"

"மண்ணுக்குள்ளை தாட்டிருப்பினம்."

"ஓம். உந்த மிச்சத்தையாவது எங்கடை ஊரிலை எரி பிள்ளை."

ஓம் என்றேன். அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்கழியில், அந்தக் கொட்டிலிலேயே சீவன் போனது. அயல் கொட்டிலில் இருந்த அண்ணை ஒருவர்தான் எல்லாம் செய்தார். குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, நாடிக்கட்டுக் கட்டினார். பிறகு இன்னொரு வெள்ளைத் துணிக் கீலத்தோடு கால்மாட்டுக்குப் போய்க் குந்தினார். செத்தவரின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். கை பழகிய பழக்கத்தில் குந்திய மனிதர் வேட்டியை விலக்கிவிட்டு அப்படியே இருந்தார்.

"பிள்ளை, இதை எதோடை சேர்த்துக் கட்டுறது?"

கீலத்தை நான் வாங்கினேன். அந்த ஒற்றை விரலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இறுக்கித்தான் போட்டேன்.