மேவிஸ் ஸ்க்விப் பார்த்த மூன்று நீலப் பூக்கள்

மேவிஸ் ஸ்க்விப் யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். பாதிரியார் தன் வீட்டுப் புல்தரையில் கொண்டலாத்திப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னபோது, "எத்தனாவது கிளாஸ் ஒயின்ல வந்து உக்காந்துச்சு ஐயா அது?" என்று கேட்டவள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்றவள்தான். ஆனால் ஹேக்ஸ்லி ஹீத் என்ற புதர்வெளியில் இன்ன செடி முளைத்தது, இன்ன பாம்பு நெளிந்தது என்று மாவட்டப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் அவள் கையெழுத்து வேண்டும். முப்பது வருஷமாகச் சம்பளம் இல்லாத வேலை. செவ்வாய்தோறும் கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெதர் புதர்களுக்குள் இறங்கிவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக நானும் கூடப் போனேன். மணல் பல்லி என்று நான் கை காட்டினால், "பாத்தியா, இல்ல பாத்ததா நெனச்சியா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹீத்தின் மேற்குக் கோடியில், காப்பு வேலிக்கு வெளியே, பத்து ஏக்கர் சதுப்பு இருந்தது. கால் வைத்தால் பாசி முழங்கால் வரை விழுங்கும். பூச்சி பிடிக்கும் பனிப்பூண்டு அங்கே கம்பளம் விரித்தாற்போலச் சிவந்து கிடக்கும். அதன் நீரை வடித்துவிட்டு சுற்றுலாக்காரர்கள் தங்கும் கேரவன் வண்டிகளை நிறுத்தப் போகிறேன் என்று ஒருவன் கிளம்பினான். வெள்ளிக்கிழமை கவுன்சிலில் விசாரணை. அங்கே சதுப்பு ஜென்ஷியன் என்ற அரிய செடி ஒன்றே ஒன்று பூத்திருந்தால் போதும், இடம் காப்பு வேலிக்குள் வந்துவிடும், யாரும் கை வைக்க முடியாது. அந்த நீலப் பூவை நாற்பது வருஷமாக அங்கே யாரும் பார்க்கவில்லை.

அதனால் நானே வாங்கி நட்டேன். யாருக்கும் தெரியாத தூரத்து நர்சரியில் மூன்று தொட்டி. ஞாயிறு காலை, ஊரே தேவாலயத்தில் இருந்தபோது.

செவ்வாய்க்கிழமை, "மேவிஸ், இங்க ஓடி வாயேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே நாடகமாகக் கேட்டது.

வந்தவள் பூவைப் பார்க்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் பூட்ஸை. அதற்கப்புறம்தான் மண்டியிட்டாள்.

"நேத்து இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லையே."

"எவ்ளோ ஒழுங்கா நிக்குது பாரு. மூணு செடி, ஒண்ணுக்கொண்ணு சரியா ஒரு சாண்."

"காட்டுச்செடிதானே, எப்படி வேணா நிக்கும்."

"காட்டுச்செடிக்கு எண்ணத் தெரியாது லென். மூணு மூணா நடுறது வீட்டுத் தோட்டம் போடுற நம்ம ஆளுங்கதான்."

பாசிக்குள் விரலை விட்டு வேரைத் துழாவினாள். சின்னதாக ஒரு வெள்ளை மணி வந்தது. நர்சரிக்காரர்கள் தொட்டி மண்ணில் கலப்பார்களே, அதுதான்.

"அந்த கேரவன்காரன் வேலையா இருக்கும். நம்மள மாட்டிவிடப் பாக்குறான்," என்றேன்.

"இருக்கும்." அவள் பார்வை என் நகக்கண்ணில் இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தேன். கழுவியதே தப்போ என்று தோன்றியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரேன் மேவிஸ். இடமே போயிடும்."

"போயிடும்னு எனக்குத் தெரியாதா?" என்று சீறிவிட்டுப் பதிவு அட்டையை எடுத்து எழுதினாள். 'சதுப்பு ஜென்ஷியன், மூன்று. நடப்பட்டவை. நட்டவர்: தெரியவில்லை.'

பதிவு அட்டைகள் இரு தரப்புக்கும் போகும். வெள்ளிக்கிழமை கேரவன்காரனின் வக்கீல் அதைத்தான் முதலில் கையில் எடுத்தான்.

"இதை நட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது," என்றாள் மேவிஸ். குரல் இறங்கவில்லை.

"அப்ப அந்தப் பனிப்பூண்டு? தவளை? பாம்பு? அதெல்லாம்கூட யாராவது பையில போட்டுக் கொண்டாந்து விட்டதா இருக்கலாம், இல்லையா?"

சபை சிரித்தது. முப்பது வருஷம் மழையில் நனைந்து எழுதிய அத்தனையும் அந்த ஒரு சிரிப்பில் சந்தேகமாகிவிட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாவது வரிசையில் நான் தொப்பியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து 'நான்தான்' என்று சொல்ல இரண்டு எட்டுதான் தூரம். எழவில்லை. கேரவன்காரனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் தனியாக நின்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"காட்டிக் கொடுக்காததுக்கு ரொம்ப நன்றி மேவிஸ்," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ பாத்தேன்னு சொல்லி உன் பேர்ல நான் எழுதின அட்டை நானூறு இருக்கு லென். உன்கிட்ட வாய்க்கு வாய் பேசுவேனே தவிர, நீ சொன்ன ஒண்ணைக்கூட நான் போய்ச் சரிபாத்ததில்ல. இன்னிக்கு வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் கிழிக்கணும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.