துத்தம் ஊற்றிய நீச்சல் குளம்

இந்த ஊரில் தண்ணீருக்கும் இரத்தப் பரிசோதனை மாதிரி ஒன்று உண்டு. பெர்த்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அதன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கடைக்கு எடுத்துப்போனால், குளோரின் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று தாளில் அச்சடித்துத் தருவார்கள். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று வளர்ந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் எங்கள் ஊரான கம்பத்துக்குப் போய்த் திரும்பியபோது குளம் பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று கிடந்தது. எனக்கென்ன, நான் குளிக்காமல் இருந்துவிடுவேன். பக்கத்து வீட்டு ஹெலனை நினைத்துத்தான் சங்கடம். எழுபது வயது, தனியாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தினமும் தண்ணீருக்குள் நடக்கவேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு; நடப்பது எங்கள் குளத்தில். நாங்கள் ஊரில் இருந்த நாட்களில் நொண்டிக்கொண்டே எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். அவருடைய கால் மறுபடியும் இறுகத் தொடங்கியிருந்தது.

அவசரத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். எங்கள் திராட்சைக் கொடியில் பூசணம் கண்டால் அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பார். பூசணத்தைக் கொல்வது பாசியைக் கொல்லாதா? இரண்டையும் வாங்கிக் கரைத்து ஊற்றி, மேலே குளோரினையும் கொட்டினேன். மூன்று நாளாகியும் பாசி அசையவில்லை. தண்ணீர்தான் மோர்போல் கலங்கியது.

கடைப்பெண் தாளைப் பார்த்து, "இதில் செம்பு எப்படி வந்தது?" என்றாள். மயில்துத்தமே செம்பின் உப்புதான். சொன்னேன். சிரிக்கவில்லை. சுண்ணாம்பால் காரம் ஏறிவிட்டது, காரம் ஏறினால் குளோரின் எவ்வளவு கொட்டினாலும் வீண். முதலில் அமிலம், பிறகு சுவரைத் தேய்த்து, வெயில் தாழ்ந்தபின் குளோரின் என்று எழுதிக் கொடுத்தாள். செம்பை எடுக்கவும் ஒரு திரவம் தந்தாள். ஒரு வாரம் யாரும் இறங்கக்கூடாதாம், பொன்முடியும் நரைமுடியும் பச்சையாகிவிடுமாம். அப்போதுதான் அப்பாவின் அரிவாள் நினைவுக்கு வந்தது. தீட்டிய அரிவாளைக் கலவையில் முக்கி எடுப்பார். துத்தம் கூடிப்போய் அதில் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார். அவரும் சோதித்துத்தான் அடித்திருக்கிறார். நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

கடைப்பெண் எழுதிக் கொடுத்தபடியே செய்தேன்; நான்காம் நாள் அடியில் பதித்த ஓடு தெரிந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹெலன் வந்து நின்றார். "இறங்கலாமா?"

வந்தவரை வேண்டாமென்று திருப்பியனுப்ப எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. "தலையை மட்டும் நனைக்காதீர்கள்" என்றேன்.

"எனக்குச் சளியெல்லாம் பிடிக்காது" என்று சொல்லி முங்கியே போனார்.

இரண்டு நாளில் அவருடைய வெள்ளை முடி இளம்பச்சையானது. வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவர், "முடியை விடு, இதைப் பார்" என்று முழங்காலை மடக்கிக் காட்டினார். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் குளத்தில் செம்பு இல்லையென்று தாள் சொன்னது. அன்றைக்குத்தான் வீடியோவில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏலே, கொடிக்கு அடிக்கிறதையாடா குளிக்கிற தண்ணியில ஊத்துன? அந்தம்மா என்ன சொன்னாக?"

"சிரிச்சாகப்பா."

"பெரிய மனசுக்காரவுக. நீ அரிவாள முக்கிப் பாக்காமயா ஊத்துன?"

சொல்லிக்கொண்டே கன்னத்தைச் சொறிந்தார். காலையில் கொடிக்கு அடித்திருப்பார் போல, நகக்கண்ணில் துத்தக் கறை. ஜன்னலுக்கு வெளியே, அதே கறை படிந்த தலையோடு ஹெலன் என் குளத்தில் நடந்துகொண்டிருந்தார்.