தென்கிழக்கு மூலையில் ஓர் ஊர்

போன வாரம் குமரேசன் போன் செய்தார். கெங்கவல்லிக்காரர். ஒரு காலத்தில் ராசிபுரம் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் என்னோடு கணக்கு வாத்தியாராக இருந்தவர். மழை, பிள்ளைகள் படிப்பு, முட்டி வலி என்று வரிசையாகப் போகிற பேச்சு அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டது. "சார், நீங்க குடுத்துட்டுப் போன அந்தப் பெரிய புக்கை வெச்சு எம்பொண்ணு காலேஜ் பிள்ளைங்களோட விளையாடுது. தென்கிழக்கு மூலையில சதுப்பு நிலம்னு அன்னைக்குப் படிச்சீங்களே, அப்படி எதுவுமே அதுல இல்லையாமே?" குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, சந்தேகம் கேட்கிற மாணவனின் குரல்தான். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

அந்தப் புத்தகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வேதியியல் ஆய்வகத்தின் வாடைதான் வரும், அழுகின முட்டை வாடை. நாமக்கல் பக்கம் முட்டை வாடைக்கெல்லாம் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெற்றோர் பார்வை நேரம். மைதானத்து வேப்பமரத்தடி முழுக்கப் பாய் விரித்து, கேரியரைத் திறந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஊட்டிவிடுவார்கள். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம். ஆய்வகச் சாவி மலர்க்கொடி டீச்சரிடம் இருந்தது. சேந்தமங்கலத்துக்காரர், வேதியியல். அவர், குமரேசன், ஆங்கில வாத்தியாரான நான், மூன்றே பேர். அங்கே உட்கார்ந்துதான் விளையாடினோம்.

என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் புகுந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா மகனிடம் கற்றுக்கொண்டு வந்தேன். இருபது முகப் பகடைக்கு ராசிபுரத்தில் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி பீக்கரில் போட்டுக் குலுக்கினோம். கதை நடக்கிற உலகத்துக்கு மட்டும் ஒரு புத்தகம் இருந்தது, அவனே வாங்கிக் கொடுத்தது. செங்கல் கனம். இல்லாத ஒரு நாட்டின் மலைகள், ராஜாக்கள், ஏழு தெய்வங்கள், எந்தச் சாலையில் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பது வரை எல்லாம் ஆங்கில அச்சில், கூடவே மடித்து வைத்த வரைபடம்.

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று நிற மையில் அடிக்கோடு போட்டேன். ஏழு தெய்வங்களைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொடுத்து ஐந்து மதிப்பெண் தேர்வு வைத்தேன். குமரேசன் மலர்க்கொடியைப் பார்த்து எழுதினார். சிரிக்காதீர்கள், அந்தப் பள்ளியில் எங்களுக்கு வேறு விதமாக ஒரு புத்தகத்தைத் தொடத் தெரியாது. புத்தகத்தில் உள்ள வரி அப்படியே விடைத்தாளில் வர வேண்டும். சொந்த வாக்கியம் எழுதின பிள்ளைக்கு நான் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன், அந்த வாக்கியம் புத்தகத்தைவிட நன்றாக இருந்தபோதும். மலர்க்கொடியும் அதே ரகம்தான். ஒரு சொல் மாறினால் அரை மதிப்பெண் போய்விடும்.

அதனால்தான் ஒரு நாள் அவர் வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஏனுங்க சார், இந்த மூலையில ஒண்ணுமே போடலீங்களே. நான் ஒரு ஊரு வெச்சுக்கட்டுங்களா?" தென்கிழக்கு மூலை வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. பெரிய மனது பண்ணி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த ஞாயிறு ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். மலையடிவாரத்தில் ஓர் ஊர். மலை ஏறுகிறவர்கள் தங்கள் பொருள் ஒன்றை அங்கே ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இறங்கி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வராதவர்களின் பொருட்களை அவள் அலமாரிகளில் அடுக்கி, வாரம் ஒருமுறை துடைத்து வைப்பாள். யாராவது தேடி வந்தால் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போக முடியாது. இதையெல்லாம் அந்த டீச்சர் உப்புப் பகுப்பாய்வு நடத்துகிற அதே குரலில் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

குமரேசனின் பாத்திரம் ஒரு கூலிப்படை வீரன். எதைக் கண்டாலும் வெட்டிக்கொண்டே போகிறவன் அந்த ஊரில் வாளை உறையில் போட்டுவிட்டு, மலை ஏறித் திரும்பாத தன் அண்ணனின் பொருளை அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டு திரிந்தான். மூன்று ஞாயிறுகள் அங்கேயே போயின. நானோ புத்தகத்தின் தலைநகரத்தில் ஒரு முடிசூட்டு விழாவை ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைக் கேட்பாரில்லை. மூன்றாவது ஞாயிறு குமரேசன், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார். கேட்டது கதைசொல்லியான என்னைப் பார்த்து அல்ல, மலர்க்கொடியைப் பார்த்து. அது என்னைச் சுட்டது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுட்டது.

அடுத்த வாரம் புத்தகத்தைத் திறந்தேன். அந்த உலகத்தின் பருவநிலை அட்டவணை இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, கனமான ஆங்கிலத்தில் நானே ஒரு வாக்கியத்தைக் கட்டி, படிக்கிற மாதிரி படித்தேன். தென்கிழக்கு முழுவதும் விஷச் சதுப்பு நிலம், அங்கே மனிதர் யாரும் எக்காலத்திலும் குடியிருந்ததில்லை என்று தமிழில் விளக்கமும் சொன்னேன். அந்த ஆங்கிலம் தங்களுக்கு ஆகாது என்று இருவரும் முதலிலேயே ஒதுங்கியிருந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மலர்க்கொடி எத்தனையாவது பக்கம் என்று கேட்டார். இருநூற்றுப் பதினொன்று என்றேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, குறித்துக்கொள்ளத்தான் கேட்டார். குறித்துக்கொண்டு, "நான் பாக்காம எழுதிட்டனுங்க சார். தப்புதானுங்க," என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அந்த நிமிடம்கூட நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல் கதையை முடிசூட்டு விழாவுக்கு நகர்த்தினேன்.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிடங்கள் வேண்டுமென்றே விடப்பட்டவை, விளையாடுகிறவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று தெளிவாக இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். நீல மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

செய்முறைத் தேர்வு வந்தது. மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய உப்புகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்குப் போன நான் மேசையில் பிரிந்து கிடந்த ஒரு பொட்டலக் காகிதத்தை எடுத்தேன். மலர்க்கொடியின் கையெழுத்து. இரண்டாவது அலமாரி: ஒரு குழந்தையின் செருப்பு, கொம்புச் சீப்பு, பாதி எழுதின கடிதம். நோட்டைக் கிழித்துப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். தப்பாக எழுதின நோட்டு வேறு எதற்கு ஆகும்? அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வைத்ததை மறந்து சட்டையைச் சலவைக்கும் போட்டேன். பத்திரப்படுத்தத் துப்பில்லாதவனுக்கு அழிக்க மட்டும் என்ன அவசரமோ.

அதன் பிறகு ஆட்டம் இரண்டு மாதம் ஓடியிருக்கும். மலர்க்கொடி தவறாமல் வருவார், தன் முறைக்குச் சீட்டு எடுப்பார், புத்தகத்தில் இருக்கிற இடத்துக்கு மட்டும் போவார். பிறகு அவர் கல்யாணமாகித் திருச்செங்கோடு போனார். நான் சேலத்துக்கு வந்தேன். வருகிற அன்று புத்தகத்தைக் குமரேசனிடம் கொடுத்ததைத் தாராள மனது என்று அவர் நினைத்திருப்பார். அது கண்ணில் பட வேண்டாம் என்றுதான் கொடுத்தேன்.

சிக்னல் இல்லாமல் போன மறுநாள் குமரேசனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.  அவர், "எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?" என்று கேட்டு, டீச்சரின் எண்ணைக் கொடுத்தார். டீச்சர் இப்போது அரசுப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர்.

மூன்று நாள் கழித்துத்தான் அவரைக் கூப்பிடத் தைரியம் வந்தது. குரல் மாறவே இல்லை. குசலம் விசாரித்து முடித்ததும், "டீச்சர், புத்தகத்துல அப்படி எதுவும் போடலீங்க. சதுப்பு நிலம்னு நான் படிச்சது பொய்," என்றேன். எந்தப் புத்தகம் என்று கேட்டார். ஆய்வகம், சீட்டு, பீக்கர் என்று எடுத்துச் சொன்னதும் விளையாடியது நினைவுக்கு வந்துவிட்டது, சிரித்தார். ஊர் மட்டும் வரவில்லை. அதனால் நானே சொன்னேன், மலையடிவாரத்தையும் அந்தப் பெண்ணையும் அலமாரிகளையும் எனக்குத் தெரிந்த வரைக்கும். 

"நல்லா இருக்குதுங்களே சார். எந்தப் புத்தகத்துல வருதுங்க இது?"

நீங்கள் எழுதியதுதான் என்றேன். தனக்கு அப்படியெல்லாம் எழுத வராது என்றார். அடக்கம் இல்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார். நான் திரும்பத் திரும்பச் சொன்னதும், என் மனம் நோகக்கூடாது என்பதற்காகக் கேட்கிற மாதிரி, "ஊருக்குப் பேருகூட வெச்சிருந்தனுங்களா?" என்றார்.

வைத்திருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் எனக்கு அது வரவில்லை.