முதலில் பாடியவரின் பெயர்

கல்யாண வீடுகளில் எல்லோரும் பாடும் ஒரு பொப் இசைப் பாட்டை முதன்முதலில் பதிவு செய்தவர் யார் என்று இரண்டு வருடம் தேடினேன். பழைய பாட்டுக் கசெற் ஒன்றின் உறையில் பெயர் கிடைத்தது. பருத்தித்துறைக்காரர். உரியவருக்குப் பெருமை சேரட்டும் என்று பெயரையும் ஊரையும் பேஸ்புக்கில் போட்டுவிட்டு, மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன்.

அவருடைய மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.

“பேரைப் போட்டது நீங்களோ?”

“ஓம் அக்கா.”

“சண்டைக்காலத்திலை அந்தப் பாட்டிலை வேறை அர்த்தம் இருக்கெண்டு சொல்லித்தான் அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை. திரும்பி வந்த பிறகு அவர் பாடினதேயில்லை. முந்தநாள் ரெண்டுபேர் வந்து, உங்கடை பதிவைக் காட்டி விசாரிச்சவை. அண்டைக்கே அவர் வெளிக்கிட்டுப் போனவர். எங்கை எண்டு எனக்கும் தெரியாது.”

வாசலில் நின்றபடியே பதிவை அழித்தேன். அதற்குள் பலர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

அடுத்த மாதம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பெயரைப் போடுவதற்கு முன், போடலாமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.