ஒரு ராஜினாமாவும் ஒரு பொன்னாடையும்

மராத்தி பேசும் ஊரான லோஹேகாவ் பக்கம் எங்கள் தமிழர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சிறிது நேரம் பேச வேண்டும். என் முறை வந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க செனட்டர் ஒருவரைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். பத்திரிகையில் இருந்தவனுக்குக் கோஷ்டித் தலைவர்கள் என்றால் ஒரு ருசி.

முந்தின வாரம் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். விமானப் படையில் ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். ஆண்டு விழாச் சமையலை யார் பார்ப்பது என்று பல வருடங்களாக அவர்தான் முடிவு செய்துவந்தார். சங்கத்தில் அவருடைய செல்வாக்கு முழுவதும் அந்த அடுப்பில் இருந்தது. இந்த முறை தலைவர் அவரைக் கேட்காமலே எதிர்க் கோஷ்டியின் கோயம்புத்தூர்க்காரரிடம், ஓர் ஐடி இளைஞரிடம், பொறுப்பைக் கொடுத்துவிட்டார். வந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்ற செனட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உயரமான, அழகான மனிதர். நெற்றியில் சுருள்முடி, பகட்டான உடை. எதிரியை வார்த்தையாலேயே வறுத்தெடுப்பார். நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் யாருக்கு வேலை என்பது அவர் கையில் இருந்தது. கோஷ்டியின் பலமே அதுதான். புதிய ஜனாதிபதி அந்த அலுவலகத்தின் தலைமைப் பதவியை அவருடைய உள்கட்சி எதிரிக்குக் கொடுத்தார். செனட்டர் ராஜினாமா செய்தார். செனட்டரைத் தேர்ந்தெடுப்பது அப்போது மாநிலச் சட்டமன்றம். அது உடனே தன்னைத் திருப்பி அனுப்பும், ஜனாதிபதி தலைகுனிவார் என்பது அவர் கணக்கு.

செயலாளர் எழுந்துவிட்டார். "இவம்லா அண்ணாச்சி தலைவன். மிச்சத்தக் கூட்டத்துல கேட்டுக்கிடுதேன்."

மிச்சம்தான் முக்கியம் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். லிஃப்ட் மூடிக்கொண்டது.

கூட்டத்தில் நான் பேசுவதற்கு முன்பே அவர் எழுந்து ராஜினாமாவை அறிவித்தார். நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவருடைய ஆட்கள் வாயைத் திறப்பதற்குள் கோயம்புத்தூர்க்காரர் மைக்கை வாங்கினார். "இத்தன வருசம் உழைச்சவருங்க. வெறுங்கையோட அனுப்பலாங்களா?"

மேஜையில் ஒரு பொன்னாடை இருந்தது. பேச்சாளனான எனக்காக வாங்கியது. அதை அவர் தோளில் போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், அவருடைய ஆட்களும். பொன்னாடை போர்த்திய பிறகு ராஜினாமாவைத் திரும்பப் பெறும் வழக்கம் எந்தச் சங்கத்திலும் இல்லை.

அடுத்து நான் பேச வேண்டும். மிச்சத்தையும் சொன்னேன். வாரக்கணக்கில் ஓட்டெடுப்பு நடந்தும் சட்டமன்றம் செனட்டரைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் வக்கீல் தொழிலுக்குத் திரும்பி நன்றாகச் சம்பாதித்தார். உச்ச நீதிமன்றப் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றார். பிறகு ஒரு பனிப்புயலில், வண்டிக்காரன் கேட்ட கூலி அநியாயம் என்று நடந்தே போய், சுருண்டு விழுந்து, சில வாரங்களில் இறந்தார். முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கொட்டும் மழை. ரிக்ஷாக்காரர் வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு கேட்டார். செயலாளர் மராத்தியில் சண்டைக்கு வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ஏறுங்க அண்ணாச்சி," என்றார். "கேட்டதக் குடுத்துருவோம்."

ஆண்டு விழாவில் முதல் பந்தியில் உட்கார்ந்தார். செயலாளராக இருந்த வரையில் அவருக்குக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோறுதான். பரிமாற வந்த கோயம்புத்தூர்க்காரரிடம் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். தோளில் அந்தப் பொன்னாடை இருந்தது.