கதிரேசனின் ஃபியூஷன் மெஷின்

செஞ்சியில் யூராலஜி டாக்டராகப் பல வருஷமாக இருக்கிறேன். புராஸ்டேட் கேன்சர் சந்தேகம் என்றால் பயாப்சி எடுக்க என்னிடம் இருப்பது அல்ட்ராசவுண்ட் மட்டும்தான். ஆசனவாய் வழியாக அதன் குச்சி போன்ற புரோபை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே பல இடங்களில் ஊசி போட்டுச் சதை எடுப்பேன். புராஸ்டேட் சுரப்பி நன்றாகத் தெரியும். அதற்குள் இருக்கும் கேன்சர் பல நேரம் தெரியாது.

லாரி டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்துவுக்கு அப்படி எடுத்ததில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு, புராஸ்டேட் கேன்சரைச் சந்தேகிக்க வைப்பது, ஏறிக்கொண்டே போனது. அவர் மகள் ஸ்டெல்லா நேராகவே கேட்டாள்.

"இன்னா சார், ஒன்னும் இல்லன்னீங்க, இது ஏறிக்கினே போவுது? பாண்டில ஒரு டாக்டர் எம்ஆர்ஐ பாத்து ஊசி போடறாராமே? நைனாவ அங்க இட்டுனு போவட்டா?"

அந்த டாக்டர் கதிரேசன். ஹாஸ்டலில் என் ரூம்மேட். மார்க்கில் எப்போதும் எனக்குப் பின்னால். எம்ஆர்ஐ படத்தையும் அல்ட்ராசவுண்டையும் இணைக்கும் ஃபியூஷன் மெஷின் அவனுக்கு வந்ததிலிருந்து அவன் பேச்செடுத்தாலே எனக்குக் கசக்கும்.

"போங்க" என்றேன். நானும் கூடப் போனேன். அப்படி என்னதான் செய்கிறது அந்த மெஷின் என்று பார்க்க வேண்டும்.

எம்ஆர்ஐ-யில் சுரப்பியின் முன்பக்கம் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. பின்னாலிருந்து போன என் ஊசி அதைத் தொட்டே இருக்காது. கதிரேசன் அந்தப் படத்தை அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் பொருத்தினான். புரோபை அசைத்தபோது திட்டும் கூடவே நகர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

திட்டில் எடுத்து முடித்ததும், "போதும்ல?" என்றான்.

"போதாது. மத்த எடத்துலயும் எடு."

"அங்கதான் எம்ஆர்ஐ-ல ஒன்னும் இல்லியே. உனக்கு மெஷின் மேல கடுப்புடா."

"கடுப்புதான். எடு."

படுத்திருந்த சவரிமுத்து குரல் கொடுத்தார். "எடுக்கறத இப்பவே எடுத்துடுங்க சார். இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

எடுத்தான். ரிப்போர்ட் வந்தபோது திட்டில் கேன்சர் இருந்தது. எம்ஆர்ஐ சுத்தமாகக் காட்டிய இடது ஓரத்திலும் இருந்தது. அது இன்னும் தீவிரமானது. முதல் முறை என் ஊசிக்கும் அது தப்பியிருந்தது. சிகிச்சைத் திட்டமே மாறியது. இப்போது சவரிமுத்துவுக்குப் பிஎஸ்ஏ இறங்கியிருக்கிறது.

என் பழைய முறையா, கதிரேசனின் மெஷினா, எது மேல் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பயாப்சிக்கு முன்னால் எம்ஆர்ஐ எடுங்கள். திட்டிலும் எடுங்கள், மற்ற இடங்களிலும் எடுங்கள் என்கிறேன். வசதி இல்லையென்றால், இருக்கிறவரிடம் அனுப்பிவிடுங்கள்.

கதிரேசன் மேல் பொறாமை இன்னும் போகவில்லை. போன வாரமும் ஒருவரை அவனிடம்தான் அனுப்பினேன்.